பென்சில் பாடிய நாலு வரி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாட்டு வெளியானது. பத்தேகாலுக்கு அது பல் டாக்டரின் கிளினிக்குக்குள் வந்துவிட்டது. கன்னம் வீங்கிய ஒரு கல்லூரிப் பெண், ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போனில் அதை ஓடவிட்டாள்.

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்தவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தப் பாட்டை ஐந்து மாதமாக அவளுக்குத் தெரியும். சொல்லப்போனால் அதை முதன்முதலில் பாடியவளே அவள்தான். ஆனால் அவள் பாடியதை யாரும் கேட்கப்போவதில்லை. அவளுடைய தொழில் அப்படி.

காலையில் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பாள். பிற்பகலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் டிராக் பாடுவாள். இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும் பெரிய பாடகியை உடனே அழைத்துவிட முடியாது. அவருடைய நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் முதலில் ஒருத்தி முழுப் பாட்டையும் பாடி வைக்க வேண்டும். பெரியவர் வந்து, அதை வரி வரியாகக் காதில் வாங்கி, தன் குரலில் பாடிவிட்டுப் போவார். அதன் பிறகு முதல் குரலை எடுத்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இசையமைப்பாளர் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். "பேனாவால எழுதுறதுக்கு முன்னாடி பென்சில்ல கோடு போடுறோம்ல? அதுதாம்மா நீ. அப்புறம் ரப்பர் போட்டுருவோம்!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து கூடத்தில் அவள் பென்சில்தான்.

பதினோரு வருஷத்தில் பெரிய பாடகிக்கு மட்டும் நூற்று நாற்பத்திரண்டு டிராக் பாடியிருந்தாள். அவர் எந்த எழுத்தை எப்படி உருட்டுவார், எங்கே மூக்கில் சாய்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவருக்குப் பழக எளிதாக இருக்கட்டும் என்று அவரைப் போலவே பாடுவாள். ஆனால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அவருடைய கார் வரும்.

கல்லூரிப் பெண்ணின் போனில் இரண்டாவது சரணம் வந்தது.

போகாதே என்று சொல்ல
வாய் இருந்தும் வார்த்தையில்லை
நீ திறந்த கதவின் ஓரம்
நின்றபடி நிற்கிறேனே.

"திறந்த" என்ற இடத்தில் குரல் நீண்டது. வேண்டிய அளவுக்கு மேல் ஒரு துளி நீண்டது. பிறகு ஒரு சின்ன மூச்சு. அதற்குப் பிறகுதான் "கதவின் ஓரம்".

டோக்கன் சீட்டு அவள் விரலிலிருந்து நழுவியது.

அந்த இடத்தில் அவள் ஏன் நீட்டினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். பாட்டு வரிகளை அவள் எப்போதும் தன் கையாலேயே எழுதிக்கொள்வாள். அன்றைக்கு முதல் தாளின் கடைசிச் சொல் "திறந்த" என்று முடிந்துவிட்டது. "கதவின் ஓரம்" அடுத்த தாளில் இருந்தது. தாளைத் திருப்பும்வரை குரல் அறுந்துவிடக் கூடாதே என்று இழுத்துப் பிடித்தாள், திருப்பினாள், மூச்சு வாங்கினாள், தொடர்ந்தாள். அவ்வளவுதான் சங்கதி. பெரிய பாடகி தாளே பிடிப்பதில்லை. அவருக்கு எல்லாம் கண்ணாடித் திரையில் ஓடும்.

"அக்கா, என் டோக்கன் கீழ விழுந்துருச்சு," என்றாள் கன்னம் வீங்கியவள்.

"இருங்க, எடுக்கறேன்," என்று குனிந்தவளுக்கு எழ மனசில்லை. மேஜைக்கு அடியிலேயே அந்த நாலு வரி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சீட்டைக் கொடுத்துவிட்டு, எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஞ்சு அண்ணனைப் போனில் பிடித்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தின் எஞ்சினியர் அவர். பஸ்ஸில் வரும்போது ஹாரன் சத்தம் காதைக் கெடுத்துவிடும் என்று இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வருவார். பெயர் அப்படி வந்தது. அவளைக் கூடத்துக்குள் முதலில் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

"அண்ணே, ரெண்டாவது சரணத்துல கடைசி நாலு வரி. அது நான்."

"எது நீ?"

"வெளிய வந்துருக்கே பாட்டு, அதுல பாடறது நான். மேடம் இல்ல."

"என்ன பென்சில், கனவு கினவு கண்டியா? உன் குரல எடுத்து மூணு மாசம் ஆச்சு."

"தொறந்து பாருங்கண்ணே."

அவர் கம்ப்யூட்டரைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதே நாலு வரி போனில் திரும்பத் திரும்ப ஓடியது. அடுத்த அறையில் டாக்டரின் துளைக்கும் மெஷின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தது.

"பென்சில்," என்றார் கடைசியில். அவர் குரல் தண்ணீரில் ஊறினது போல இருந்தது. "ஆமா, இது நீயேதான்."

நடந்தது இதுதான். ஒலிப்பதிவு அன்று பெரிய பாடகிக்குச் சளி. இரண்டாவது சரணத்தின் கடைசி நாலு வரி மட்டும் மேலே ஏறவில்லை. வெளியூர்க் கச்சேரி முடிந்ததும் அங்கேயே ஓர் இடத்தில் பாடி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை மற்ற வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, பஞ்சு அண்ணன் பென்சிலின் நாலு வரியை வெட்டி, பெரிய பாடகியின் வரிசையில் ஒட்டினார். அவருடைய திரையில் டிராக் குரல் எப்போதும் மஞ்சள், பெரிய பாடகி எப்போதும் நீலம். நீல வரிசையில் ஒட்டியதும் அந்தத் துண்டும் நீலமாகிவிட்டது. பத்து நாள் கழித்து உண்மையான நாலு வரி வந்தபோது, அதைக் கீழே தனி வரிசையில் போட்டு, இசையமைப்பாளர் கேட்டுச் சொல்லட்டும் என்று ஒலி வராமல் வாயடைத்து வைத்தார். இசையமைப்பாளரோ வயலினைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு "எல்லாம் ஓகே, அனுப்பு" என்று போனில் சொன்னார். எல்லாம் என்றால் எல்லாம்தான் என்று இவர் எடுத்துக்கொண்டார். மஞ்சளை எல்லாம் அழித்தார். நீலத்தை அனுப்பினார்.

"மேடம் கேக்கலயா அண்ணே, அனுப்பறதுக்கு முன்னாடி?"

"கார்ல போறப்ப கேட்டாங்களாம். பிரமாதம்னு சொன்னாங்க."

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. அதே வேகத்தில் பயமும் ஏறியது. முன்பு அதே கூடத்தில் இருந்த இன்னொரு எஞ்சினியரை, பாட்டில் நாற்காலி கிரீச்சென்ற சத்தத்தை விட்டுவிட்டார் என்பதற்காக, இசையமைப்பாளர் நின்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அதற்கப்புறம் அந்த மனிதருக்கு எந்தக் கூடத்திலும் வேலை கிடைக்கவில்லை. நாற்காலிச் சத்தத்துக்கே அந்தக் கதி என்றால், ஆளே மாறிப்போனதற்கு?

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றார் பஞ்சு அண்ணன். "அவங்களுக்கே தெரியல. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் சரி என்றாள். அன்று மத்தியானம் சாப்பிட்டாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை அந்த நாலு வரி மட்டும் தனியாக இணையத்தில் கிளம்பிவிட்டது. பாட்டை முழுசாகக் கேட்காதவர்கள்கூட அதைக் கேட்டார்கள். ஆளுக்கொரு கதவைத் திறந்து வைத்து, "திறந்த" என்று நீளும்போது கேமராவைப் பார்த்து நின்றார்கள். அந்த நீட்டலில் ஒரு வாழ்க்கையின் துக்கமே இருக்கிறது என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பென்சிலின் மகள் பத்தாவது படிக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் அதை வாசித்துக் காட்டினாள்.

"துக்கமாமே," என்றார் கணவர். லிஃப்ட் மெக்கானிக், இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பொறுமையாகப் பேசி வெளியே எடுப்பவர். "எனக்கென்னமோ அந்தம்மாவுக்கு அடுத்த வரி மறந்துபோச்சுன்னு தோணுது."

பென்சிலுக்குப் புரை ஏறியது.

"மெதுவா, மெதுவா," என்று அவர் தலையில் தட்டினார்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்த இடம் மட்டும் நீ பாடற மாதிரியே இருக்கும்மா. நீ பாத்திரம் கழுவறப்ப வருமே, அந்தக் குரல்."

"போடி, ஆளப் பாரு. உனக்கு எதக் கேட்டாலும் என் குரல்தான்."

"இல்லம்மா, நெஜமா."

"போய்ப் படி."

அதட்டல் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது. மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அங்கேயே உடைந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். ஊரெல்லாம் தன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தன் வீட்டுக்குள்ளேயே அது நான்தான் என்று சொல்ல வாயில்லை. சொன்னால் மகள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடமாவது சொல்லுவாள். அப்புறம் பஞ்சு அண்ணனை யார் காப்பாற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போன் வந்தது.

"மேடம் மூணு மணிக்கு வர்றாங்க. புதன்கிழமை மேடையில இந்தப் பாட்டப் பாடணுமாம். அந்த நீட்டல் வர மாட்டேங்குதாம். வெறும் குரல மட்டும் போட்டுக் காட்டுங்க, எப்படிப் பாடினேன்னு கேக்கணும்ங்கறாங்க."

"ஐயோ."

"இன்னும் இருக்கு. டிராக் பாடின பொண்ணையும் வரச் சொல்லுங்கன்னாங்க."

கூடம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. பஞ்சு அண்ணன் படிக்கட்டிலேயே அவளுக்காகக் காத்திருந்தார். ஒரு காதில் மட்டும் பஞ்சு அப்படியே இருந்தது, எடுக்க மறந்திருந்தார்.

"பாட்டோட கேட்டா ஒண்ணும் தெரியல. குரல மட்டும் தனியாப் போட்டா, நீ பேப்பர் திருப்பற சத்தம் பளிச்சுனு கேக்குது. காலையிலேருந்து அத எடுக்கப் பாக்கறேன். சத்தத்த எடுத்தா உன் குரலும் சேந்து கிழியுது."

"அவங்க பாடி அனுப்பினதப் போட்டுருங்களேன்?"

"அதுல நீட்டலே இல்லையே! அதக் கேக்கத்தான வர்றாங்க. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத."

பெரிய பாடகி தனியாக வந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தார், கையில் வெந்நீர்க் குடுவை. பென்சில் நினைத்திருந்ததைவிடக் குள்ளம்.

"நீங்கதான் டிராக் பாடறவங்களா? எத்தனை நாளா?"

"பதினோரு வருஷம் மேடம்."

"எனக்கா?"

"உங்களுக்கு நூத்தி நாப்பத்திரெண்டு பாட்டு மேடம்."

அவர் புருவத்தை உயர்த்தினார். "பாத்ததே இல்லையே உங்கள," என்றார். பிறகு எஞ்சினியர் பக்கம் திரும்பினார். "போடுங்க."

"மேடம், கம்ப்யூட்டர் காலையிலேருந்து கொஞ்சம் மக்கர் பண்ணுது..."

"லைட்டெல்லாம் எரியுது, ஏசி ஓடுது, அது மட்டும் மக்கரா? எனக்கு இருக்கறது ரெண்டு நாள். போடுங்க."

பஞ்சு அண்ணன் பென்சிலைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

இசை இல்லாத குரல் அறையில் எழுந்தது. துணியில்லாமல் நிற்கிற மாதிரி பென்சிலுக்கு இருந்தது. போகாதே என்று சொல்ல. வாய் இருந்தும் வார்த்தையில்லை. நீ திறந்த...

சரக். தாள் திரும்பியது. மூச்சு. கதவின் ஓரம்.

"நிறுத்துங்க," என்றார் பெரிய பாடகி. "மறுபடியும்."

மறுபடியும் ஓடியது. சரக்.

"அது என்ன சத்தம்?"

"ஏசியா இருக்கும் மேடம்," என்றார் பஞ்சு அண்ணன். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"நான் பாடறப்ப ஏசி ஓடாது. உங்களுக்கே தெரியும்." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கையில பேப்பர் இருக்காது."

பஞ்சு அண்ணன் வாயைத் திறந்தார். இன்னொரு பொய் வரப்போகிறது என்று பென்சிலுக்குத் தெரிந்தது. அது முதல் பொய்யைவிட மட்டமாக இருக்கும் என்றும் தெரிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் ஒருவர்தான் சிக்குவார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போதும் போல, நடந்துவிடலாம்.

"அது நான் மேடம்," என்றாள்.

பெரிய பாடகி அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"அந்த நாலு வரி நான் பாடினது. உங்க வரி வர்ற வரைக்கும் இடத்த அடைக்கறதுக்காக வெச்சது, எடுக்காம போயிடுச்சு. வேணும்னு செய்யல. அண்ணன் முப்பது வருஷத்துல பண்ணின ஒரே தப்பு."

பெரிய பாடகி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். குடுவையைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"நான் ஒன்பது தடவ கேட்டேன்," என்றார். "என் குரல்னே நெனச்சேன்." கோபம் வரும் என்று காத்திருந்த பென்சிலுக்கு, அந்தக் குரலில் இருந்தது பயம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. "யாருக்கெல்லாம் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்குத்தான் மேடம்."

"வீட்ல?"

"சொல்லல."

"அந்த எடத்துல என்ன நெனச்சுப் பாடினீங்க? ரெண்டு நாளா மண்டைய உடைச்சிக்கறேன். யாரோ செத்துப்போனத நெனச்சுப் பாத்தேன். எங்க அப்பாவ நெனச்சுப் பாத்தேன். வர மாட்டேங்குது."

"ஒண்ணும் நெனைக்கல மேடம். பக்கம் திருப்பினேன்."

பெரிய பாடகி அவளையே பார்த்தார். உதடு கோணியது. பிறகு வெடித்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பஞ்சு அண்ணன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினார்.

சிரிப்பு நின்றதும் அவர் முகம் பழையபடி இறுகியது. "இப்பவே பாடறேன். மாத்தி அனுப்பிடலாம்."

பாடும் அறைக்குள் போய் ஆறு தடவை பாடினார். ஆறிலும் நீட்டல் செய்து வைத்தது போல இருந்தது. ஏழாவதில் குரல் விரிசல் விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் ஒன்றிரண்டு தடவைதான் அந்தத் தொண்டை தாங்கும் என்பது பென்சிலுக்குத் தெரிந்தது. சும்மா நின்றால் போதும். இவர் பாட முடியாமல் போய்விடுவார். நாலு வரியும் அப்படியே இருந்துவிடும். யாராலும் மாற்ற முடியாது.

அவள் கைப்பையைத் திறந்தாள். பாடின தாள்களை அவள் தூக்கிப் போடுவதில்லை. மடித்து வைத்திருந்த இரண்டு தாளை எடுத்துக்கொண்டு, கனத்த கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

"திரைய அணைச்சிருங்க மேடம். இதப் பாத்துப் பாடுங்க. அடுத்த பக்கம் வேணும்னா நீங்களே திருப்பணும்."

பெரிய பாடகி தாளை வாங்கினார். அவளுடைய கையெழுத்தைப் பார்த்தார். பாடினார். "திறந்த" என்ற சொல் வந்தபோது, அவருடைய மோதிர விரல் தாளின் ஓரத்தைத் தேடித் தடுமாறியது. குரல் காத்திருந்தது. தாள் திரும்பியது.

பஞ்சு அண்ணன் கட்டை விரலை உயர்த்தினார்.

வெளியே வந்து கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டே பெரிய பாடகி சொன்னார்: "மியூசிக் டைரக்டர்கிட்ட நானே பேசிக்கறேன். திருப்தியில்ல, திரும்பப் பாடினேன்னு சொல்லிடறேன். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்." பஞ்சு அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கை கூப்பினார்.

"உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்றார் பென்சிலிடம்.

ஒண்ணும் வேண்டாம் மேடம் என்பதுதான் வழக்கமான பதில். பஞ்சு அண்ணனும் அதைத்தான் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் பேரு போடணும் மேடம்."

"எங்க?"

"பாட்டுக்குக் கீழ. ரெண்டாவது வயலின்லேருந்து எல்லார் பேரும் வருதே. டிராக்னு போட்டு என் பேரும் வரணும்."

"உங்க குரல எடுத்துட்டு, பேர மட்டும் வைக்கணுமா?"

"டிராக் பாடினது நான்தான மேடம். அது பொய் இல்லையே."

பெரிய பாடகி குடுவையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்றார். "பேர் என்ன?"

சொன்னாள்.

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்தத் தொழிலில் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். பஞ்சு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? இனிமே உன்னக் கூப்பிட வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

திங்கட்கிழமை கூடத்திலிருந்து போன் வரவில்லை. பதினோரு வருஷத்தில் வேலை இல்லாத திங்கட்கிழமைகள் எத்தனையோ உண்டு. ஆனால் அன்றைக்குப் போன் ஒவ்வொரு முறை சும்மா கிடந்தபோதும் அவளுக்குத் திக்கென்றது. வீட்டில் மகளிடம் இரண்டு தடவை எரிந்து விழுந்தாள். கணவர் மட்டும், "என்ன, ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கற மாதிரி நிக்கற?" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் புதிய வடிவம் ஏறும் என்று பஞ்சு அண்ணன் சொல்லியிருந்தார். ஒன்பது ஐம்பதிலிருந்து அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தாள். ஏழாம் நம்பருக்குப் பதில் ஒன்பதை உள்ளே அனுப்பி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பத்து பத்துக்கு எக்ஸ்ரே அறைக்குள் போனாள்.

முதலில் பெயர்களைப் பார்க்கத் துணிவில்லை. காதில் மாட்டிக்கொண்டு, நேராக அந்த நாலு வரிக்குப் போனாள்.

பெரிய பாடகி பாடினார். தாள் திரும்பும்வரை குரல் காத்திருந்தது. ஆனால் அது பென்சில் காத்திருந்த மாதிரி இல்லை. அவள் அறுந்துவிடாமல் பிடித்திருந்தாள். இவர் அறுந்துவிடுமோ என்று கேட்பவனைப் பயப்பட வைத்தார். இரண்டாவது தடவை கேட்டாள். சந்தேகமே இல்லை. இது தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மூன்றாவது தடவை தேவைப்பட்டது. ஒலியைக் கடைசிவரை ஏற்றினாள். இசைக்கு அடியில், தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு சரக்.

பஞ்சு அண்ணன் அதை எடுக்கவில்லை. அவளுடைய தாள்.

பிறகுதான் பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். வயலின்காரர்கள். கோரஸ். புகைப்படம். உடை. கார் ஏற்பாடு செய்தவர் பெயர்கூட இருந்தது. அதற்கும் கீழே, எல்லாருக்கும் கடைசியில், டிராக் என்று போட்டு ஒரு பெயர். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்குப் பிறகு அந்தப் பெயரை ஒரு பட்டியலில் இப்படி முழுசாக அவள் பார்த்ததில்லை.

திரையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். கீழே என்ன எழுதுவது என்று யோசித்து, ஒன்றும் எழுதாமல் விட்டாள்.

கதவை யாரோ தட்டினார்கள். "எட்டாம் நம்பர்க்காரர் சத்தம் போடறாரு, வாங்க!"

"வர்றேன்," என்றாள். நாலு வரியை இன்னொரு தடவை முதலிலிருந்து ஓடவிட்டு, அது முடியும்வரை அங்கேயே நின்றாள்.